கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பது?



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாற்பதைத் தாண்டிய டெய்லர் அக்காக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க" என்பது எப்படியும் வந்துவிடும். நூல் அறுந்தால் கோர்த்துக் கொடுக்கப் பக்கத்து மிஷின் பெண்ணைக் கூப்பிட வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த இரண்டு நிமிஷமும் காசு. தையல் கோணினால் செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும். கொஞ்ச நாளில், "அக்கா, நீங்க கைமடிக்குப் போயிடுங்க" என்பார்கள். இருபது வருஷம் தொழில் தெரிந்தவர், கைமடிக் கூலிக்கு இறங்குகிறார்.

இத்தனைக்கும் அவருக்கு வந்திருப்பது நோயே இல்லை, வெள்ளெழுத்து! நாற்பதுக்கு மேல் முதலாளிக்கும் வரும். அவர் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அசாம் தேயிலைத் தோட்டத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களில் பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். 2018-ல் வந்த முடிவு: கண்ணாடி போட்டவர்களின் பறிப்பு, போடாதவர்களைவிட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. கணக்குப்படி 21.7 சதவீதம். இலை பறிக்கிற கைக்கே இப்படின்னா, ஊசி பிடிக்கிற கைக்கு?

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். இருக்கு. கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறையைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கிடையாது. சாதாரணக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் பொதுவாகக் கணக்கிலேயே வராது. கண் மங்கி வேலை போகும்வரை உதவி இல்லை!

இஎஸ்ஐ? 12,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளி 90 ரூபாயும் முதலாளி 390 ரூபாயும் மாதாமாதம் கட்டுகிறார்கள். ஆனால் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனாலேயே பலர் போவதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்த வரம்புக்கும் வெளியே.

நாம் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, ஷிஃப்ட் நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், கம்பெனிக்குள்ளேயே கண் பரிசோதனை. தேவைப்படுபவருக்கு நிர்வாகச் செலவில் கண்ணாடி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேலையிடங்களுக்கே போய் முகாம் நடத்துகிறது. செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பேருக்கு ஒரு முகாம் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போவதையும் நாம் ஏற்கப் போவதில்லை; பரிசோதித்த சீட்டோடு கண்ணாடியும் கைக்கு வரணும்.

இந்த வாரம் உங்கள் கம்பெனி அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம்ம பாலிசியில் கண் பரிசோதனை இருக்கா? கண்ணாடிக்குக் காசு உண்டா? என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், ஊரும் தொழிலும் போதும்.