கழுவேலியைக் கண்டுபிடித்தவர்கள்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. சுமார் 1,247 எக்டேர். பூநாரை வருது, கூழைக்கடா வருது, தாழைக்கோழி முட்டையிடுது என்று படம் படமாகப் போடுகிறார்கள். நல்லதுதான். கேமராவோடு வருகிறவர்களோடு நமக்குப் பகை இல்லை. ஆனால் இத்தனை நாளும் அது எங்கே தொலைந்து கிடந்தது, தொலைத்தவன் எவன் என்று அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

பழைய ஆட்கள் இதைக் கழுவேலி என்பார்கள். இதன் அதிசயம் பறவையோடு முடிவதில்லை. தென்சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் இந்தப் பள்ளத்துக்கு வந்து அகலமாகப் பரவி, வேகம் அடங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். மழைக்காலத்து வெள்ளத்தைத் தாங்கும். கோடைக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கோரையும் சம்பும் அழுக்கை உறிஞ்சும். கூலி கேட்காமல் ஊருக்கே உழைத்த நிலம் இது. ஊருக்கெல்லாம் உழைத்தும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் யாரென்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்த நிலத்துக்குச் சர்க்கார் ஏடு கொடுத்த பெயர் என்ன? புறம்போக்கு. தரிசு. வரி வராத நிலமென்றால் வீண் நிலம் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. அந்தக் கணக்கிலும் சாதி இருந்தது. பள்ளிக்கரணை அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். தரிசாகக் கிடக்கும் நிலத்தைக்கூடச் சேரிக்காரன் பெற முடியாதபடி மிராசுதாரர்கள் மறித்து நின்றதை அது அம்பலப்படுத்தியது. அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. யாருக்கும் உதவாது என்று எழுதி வைத்த மண்ணைக்கூட நமக்குக் கொடுக்க மனசு வரவில்லை அவர்களுக்கு.

அதே ‘வீண்’ நிலம் பிறகு யார் யாருக்கோ உதவியது. நகரத்தின் குப்பை பெருங்குடியில் மலையாகக் குவிந்தது. சாக்கடை வந்தது. ரோடு, பறக்கும் ரயில், அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள், கணினிக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் எல்லாம் வந்தன. ஆயிரக்கணக்கான எக்டேர் விரிந்து கிடந்த சதுப்பில் 2007இல் காப்புக்காடாக அறிவிக்க மிஞ்சியது 317 எக்டேர்.

குப்பைக்குப் பின்னாலேயே மனுசங்களையும் கொண்டுவந்து கொட்டினார்கள். 2000 முதல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். நகரத்தின் நடுவே கூலி வேலை, வீட்டு வேலை, துப்புரவு வேலை பார்த்துப் பிழைத்த குடும்பங்கள். பெரும்பாலும் தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடிசைகளைப் பிய்த்தபோது சொன்ன காரணம், ‘உங்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்’ என்பது. கொண்டுபோய் விட்ட இடமோ வெள்ளம் வந்து தங்குகிற பள்ளம். 2023 டிசம்பர் புயல் மழையில் பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. ஆத்தங்கரையில இருந்தா வெள்ளம் வரும்னு தூக்கினு வந்து சதுப்புல போட்டா, இது என்னா நியாயம்?

இப்போது சதுப்புக்கு மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு வந்ததும் ‘ஆக்கிரமிப்பாளன்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. அந்தச் சொல் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் வாசலில் போய் நிற்பதில்லை. ஓலைக்கூரை, தகரக்கூரை என்று தேடிப் போய் நிற்கிறது. சர்க்காரே கொண்டுவந்து குடியேற்றிய சனங்களைக்கூட நாளைக்குப் பறவையின் பெயரால் கிளப்ப மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அறிவு விஷயத்திலும் இதே கதைதான். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நீர்க்கட்டிகளுக்குத் தெரியும். அவர்கள் சேரிக்காரர்கள். விரால் எந்தச் சேற்றில் பதுங்கும், கொட்டிக்கிழங்கு எப்போது தோண்டலாம், எந்தக் கீரை எந்த வரப்பில் முளைக்கும் என்பது நம் பொம்பளைங்களுக்குத் தெரியும். நத்தை தின்னி, நண்டு தின்னி என்று நம்மை ஏசிய வாய்தான் இன்றைக்கு அதே நத்தையையும் நண்டையும் ‘பல்லுயிர்’ என்று புகழ்கிறது. புகழட்டும். ஏசினதுக்கு எப்ப பதில் சொல்லப் போறாங்க?

நம்மிலும் சில தோழர்கள், ‘சுற்றுச்சூழலெல்லாம் மேல்சாதிக்காரனின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு’ என்கிறார்கள். இது தப்பான அரசியல். சதுப்பு செத்தால் முதலில் தண்ணீர் ஏறுவது நம் தரைத்தளத்தில். குப்பைமேடு எரிந்தால் முதலில் இருமுவது நம் பிள்ளைகள். 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது தாகத்துக்காக அல்ல. பொதுக்குளம் என்றால் அதில் நமக்கும் பாத்தியதை உண்டு என்று காட்டுவதற்காக. கழுவேலியும் பொதுநீர்தான். அதை அவர்கள் கையில் விட்டுவிட்டு ஒதுங்குவது மகாடுக்குத் துரோகம்.

1971இல் உண்டான ராம்சர் உடன்படிக்கையே சதுப்பை வேலிபோட்டு மனிதரைத் துரத்தச் சொல்லவில்லை. அறிந்து, அளவோடு பயன்படுத்தச் சொல்கிறது. அப்படியானால் கணக்கை மேலிருந்து தொடங்குங்கள். முதலில் பெரிய கட்டிடங்களை அளந்து காட்டுங்கள். குப்பையையும் சாக்கடையையும் நிறுத்துங்கள். இன்னொரு குடிசையைப் பிய்த்துப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். கொட்டப்பட்டவர்களுக்கு வெள்ளம் ஏறாத வடிகாலும், பக்கத்திலேயே வேலையும், பள்ளியும், ஆஸ்பத்திரியும் கொடுங்கள். சதுப்பைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்தில் பெரும்பாக்கத்துப் பெண்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

அதுவரைக்கும் நீங்கள் கண்டுபிடித்தது பறவையை மட்டும்தான். நிலத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.