வெற்றிலை உரல்

சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். நல்ல வெயில். நிழலுக்கு ஒதுங்கியவர்களில் எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவரும் இருந்தார். அன்றைய பிரசங்கம் பகைவரை நேசிப்பது பற்றியது. சுவாமியார் நன்றாகவே பேசியிருந்தார்.

"அண்ணே, பகைவரை நேசி, நேசி என்கிறார் சுவாமியார். எனக்குப் பகைவர் யாருமே இல்லை. வீட்டில் மாமியார்தான் இருக்கிறார்கள்" என்றார் அந்தச் சகோதரி.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு விஷயம் வந்தது. மாமியார் முப்பது வருடங்களுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் லயத்தைக் காலி செய்து மகனோடு பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். மருமகளுக்குத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். விடியற்காலை நாலரை மணிக்கு மாமியார் எழுந்து வெற்றிலை உரலை எடுப்பார். பல் இல்லாதவர். பாக்கை இடித்துத்தான் ஆக வேண்டும். டொக், டொக், டொக். சுவருக்கு அந்தப் பக்கம் மருமகளின் தலைமாடு.

"நிறுத்தச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். உரலுக்கு அடியில் துணி போட்டுக்கொண்டு இடிக்கிறார்கள். அது இன்னும் மோசம். எப்போது விழும், எப்போது விழும் என்று காத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்."

கணவரிடம் சொன்னாராம். "அம்மாவிடம் போய் இதையெல்லாமா சொல்வது" என்று அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். (இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆண்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.) போன வாரம் இந்தச் சகோதரி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால், என்ன பாவம் என்று சொல்வது, அண்ணே? ஒரு கிழவி பாக்கு இடிக்கிறாள், எனக்குக் கொலைவெறி வருகிறது என்றா?"

பஸ் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாளை நம்மில் பலருக்குப் படமாகத் தெரியும். கையில் சிலுவையும் ரோஜா மலர்களுமாக, சிறுமலர் என்ற பெயரோடு எத்தனையோ வீடுகளில் தொங்குகிறார். படத்தில் இருக்கும் அந்தச் சாந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு என்ன எரிச்சல் வந்திருக்கப் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். அவர் எழுதிவைத்ததைப் படித்தால் கதை வேறாக இருக்கிறது.

1873-ல் பிரான்சில் பிறந்தவர். 1888-ல், பதினைந்தாவது வயதில், லிசியே ஊரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். (அதே 1888-ல்தான் சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஓபீர் சாலையில் லூர்து மாதா கோவில் எழும்பியது.) 1897-ல், 24-வது வயதில், காசநோயால் இறந்துபோனார். இடைப்பட்ட ஒன்பதரை வருடமும் மதிலுக்குள்தான். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்கள், அதே முகங்கள், அதே சாப்பாட்டறை. லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டில் கேட்கும்.

மாலைத் தியானத்தில் தெரேசாளுக்குப் பின்னால் ஒரு சகோதரி உட்காருவார். இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசுவதுபோல் ஒரு சின்னச் சத்தம் அவரிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். மற்ற யாருக்கும் அது கேட்டதாகவே தெரியவில்லை. தெரேசாளுக்கோ காது கூர்மை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும் என்று மனம் துடிக்கிறது. திரும்பவில்லை. அடக்கி அடக்கி உடம்பெல்லாம் வியர்த்துப்போயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு புனிதை இப்படி எழுதியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். சத்தத்தைக் கேட்காமல் இருக்கப் பாடுபடுவதை விட்டுவிட்டு, நன்றாகக் காது கொடுத்துக் கேட்பது. ஒரு கச்சேரியைக் கேட்பதுபோலக் கேட்டு, அதையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது. அன்றைய தியானம் அவ்வளவுதான். சத்தம் குறையவில்லை. அதோடு மல்லுக்கட்டுவது நின்றது.

துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற இன்னொரு சகோதரி, துணியை அடிக்கிற அடியில் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறித்துக்கொண்டே இருக்கும். முகத்தைத் துடைத்துக் காட்டி உணர்த்திவிடலாமா என்று முதலில் நினைத்தார். பிறகு, தீர்த்தம் தெளிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறையும் அதே இடத்துக்கு வருவது என்று முடிவு செய்தாராம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மூன்றாவது சம்பவம். மடத்தில் ஒரு சகோதரியின் பேச்சு, நடை, குணம் எதுவுமே தெரேசாளுக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதை அவர் தமக்குத் தாமே மறைத்துக்கொள்ளவில்லை. நேசம் உணர்ச்சியில் இல்லை, செயலில் இருக்கிறது என்று முடிவு செய்து, மிகவும் பிடித்தவருக்குச் செய்வதையெல்லாம் அந்தச் சகோதரிக்குச் செய்தார். சுருக்கென்று பதில் சொல்ல நாக்கு துடித்தால் சிரித்துவைத்தார். சிரிக்கவும் முடியாதபோது? ஓடிப்போனார்! போர்க்களத்தை விட்டு ஓடும் சிப்பாய்போல ஓடியதாகச் சொல்கிறார். ஒருநாள் அந்தச் சகோதரியே வந்து, என்னிடம் உங்களை ஈர்ப்பது எது, பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே என்று கேட்டாராம்.

ஓடுவதும் புண்ணியத்தில் சேரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. வார்த்தை வாயில் வந்து நிற்கும்போது குப்பை கொட்டக் கீழே இறங்கிப் போய்விடலாம். திரும்பி வரும்போது பாதி ஆறியிருக்கும்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். தெரேசாள் பொறுத்துக்கொண்டது சத்தத்தையும் தண்ணீரையும். இதைக் காட்டி, குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அது வேறு விஷயம், அதற்கு வேறு வழிகள் உண்டு. தெரேசாளும் வாய்மூடி இருந்தவர் அல்லர். புதிதாகச் சேர்ந்த இளம் சகோதரிகள் தவறு செய்தால் முகத்துக்கு நேரே கண்டித்தவர்.

இவற்றையெல்லாம் அவர் எழுதியது 1897 ஜூன் மாதத்தில், நோயோடு, மடத்துத் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி. போகிற வருகிற சகோதரிகள் எல்லாரும் நின்று ஏதாவது பேசிவிட்டுப் போனார்கள். பத்து வரி சேர்ந்தாற்போல் எழுத விடவில்லை என்று அதையும் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தத் தாள்களும் சேர்ந்த நூல் மறு வருடம் வெளிவந்தது. 1925-ல் புனிதர் பட்டம். 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம்.

சகோதரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அவர் மடத்தில் இருந்தவர், அண்ணே. எனக்கு மறுநாள் ஷிப்டு இருக்கிறது" என்றார். நியாயம்தான். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "மாமியார் ஏன் நாலரைக்கு எழுந்திருக்கிறார் என்று கேட்டதுண்டா?"

கேட்டதில்லையாம். பால் மரம் வெட்டியவர்களுக்கு அது தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டிலேயே எழுந்து, உலை வைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு நிற்க வேண்டும். முப்பது வருடம் அப்படி எழுந்த உடம்புக்கு, தோட்டம் விற்றுப்போனது எப்படித் தெரியும்?

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் அந்தச் சகோதரியை மறுபடி பார்த்தேன். மெழுகுவர்த்தி கூட்டத்துக்கு நடுவே மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இளைத்துத்தான் இருந்தார். உரல் எப்படி என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்கிறது. சில நாள் கச்சேரி, சில நாள் கழுத்தறுப்பு. கட்டிலை மட்டும் மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம். அவரே மாற்றிக் கொடுத்தார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் ஒருநாள் நாலரைக்குச் சத்தமே கேட்கவில்லை, அண்ணே. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஓடிப்போய் விளக்கைப் போட்டால், உரலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பாக்குத் தீர்ந்துபோயிருக்கிறது. என்னை எழுப்ப மனமில்லையாம்."

"அப்புறம்?"

"என்ன செய்வது? கடை திறக்கிற வரைக்கும் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்."