ஆபரேஷன் சென்னையில், காய்ச்சல் திருவண்ணாமலையில்!

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் திருவண்ணாமலையில் என்ன நடக்கும்? உங்கள் ஊரில் நடப்பதுதான். பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, 'பல்லு முளைக்குது' என்பார். எதிர்வீட்டு அக்கா, 'கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு' என்பார். மெடிக்கல் ஷாப்காரர் ஒரு சிரப்பை எடுத்து நீட்டி, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்மா' என்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாளைக்குச் சரியாகியும்விடும்.

ஆனால், சில குழந்தைகளால் நாளை வரை காத்திருக்க முடியாது. அவர்களுக்காகத்தான் இந்த வாரம் சண்டை போட வந்திருக்கிறேன்.

'பிலியரி அட்ரீசியா' என்று ஒரு நோய். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் பச்சைக் குழந்தையிலேயே அடைத்துச் சுருங்கிப்போகும். பத்தாயிரம், இருபதாயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாது. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். கீழாநெல்லியும் இளவெயிலும் திறக்கிற அடைப்பில்லை இது.

இதற்கு 1950-களில் ஜப்பானின் சென்டாய் நகரத்தில் மோரியோ கசாய் என்ற சர்ஜன் ஒரு வழி கண்டுபிடித்தார். (கஷாயம் இல்லை சார், கசாய்!) கெட்டுப்போன குழாயை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து நேராகக் கல்லீரலோடு தைத்துவிடுவது. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். பித்தம் இறங்கும். மலம் நிறம் திரும்பும். வீட்டில், 'அப்பாடா, அண்ணாமலையார் காப்பாத்திட்டார்' என்று கற்பூரம் ஏற்றுவார்கள்.

ஏற்றுங்கள். ஆனால், கதை அங்கே முடியவில்லை.

உங்களுக்கும் எனக்கும் பித்தக்குழாய் முடிகிற இடத்தில் ஒரு கதவு உண்டு. குடலில் இருக்கிற கிருமி மேலே ஏறாமல் அது தடுக்கும். ஆபரேஷன் ஆன குழந்தைக்கு அந்தக் கதவே கிடையாது. கிருமி படியேறிக் கல்லீரலுக்குள் போய்விடும். இதற்குப் பெயர் 'கோலஞ்சைட்டிஸ்'. முதல் ஒன்றிரண்டு வருஷத்தில்தான் ஆபத்து அதிகம். காய்ச்சல், திரும்பவும் மஞ்சள், திரும்பவும் வெளுத்த மலம். சில சமயம் வெறும் காய்ச்சல் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் கல்லீரலில் கொஞ்சம் தழும்பாகிப்போகும். ஜப்பான்காரர் சம்பாதித்துக் கொடுத்த கல்லீரலை நாம் சிரப் பாட்டிலோடு உட்கார்ந்து செலவழிக்கிறோம்!

'அதான் தினமும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறோமே' என்பீர்கள். டாக்டர் எழுதியிருந்தால் கொடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்; மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாக நீட்டவும் செய்யாதீர்கள். அந்த மருந்து எவ்வளவு தூரம் காப்பாற்றும், எத்தனை மாசம் கொடுக்க வேண்டும் என்பதில் உலக டாக்டர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. காய்ச்சல் வந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இங்கேதான் என் கோபம். ஆபரேஷன் சென்னையில் நடக்கிறது. காய்ச்சல் செங்கத்திலும் ஜவ்வாது மலையிலும் வருகிறது. திருவண்ணாமலையிலிருந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற அம்மாவிடம், 'ஆபரேஷன் பண்ண இடத்துக்கே போங்க' என்று சொல்வது வைத்தியமா? முதல் டோஸை இங்கே ஏற்றிவிட்டு, அங்கே போன் போட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பெரிய ஆஸ்பத்திரிகளையும் விடுவதாக இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி என்று இங்கிலீஷில் பத்துப் பக்கம் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள் ஐயா. 'இந்தக் குழந்தைக்கு கசாய் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. 100.4 டிகிரி தாண்டினால் காத்திருக்காதீர்கள். இன்ன மருந்தை இன்ன அளவில் ஆரம்பியுங்கள். இந்த நம்பருக்குப் பேசுங்கள்.' அவ்வளவுதான். அந்தத் தாள் கையில் இருந்தால், எந்த நைட் டியூட்டி டாக்டரும் யோசித்து நேரத்தை வீணாக்க மாட்டார்.

'ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாத நோய்க்கு இத்தனை ஏற்பாடா?' என்று ஒரு அதிகாரி கேட்கலாம். கல்லீரல் கெட்டுப்போனால் அப்புறம் மாற்று ஆபரேஷன்தான். அதற்கு லட்சக்கணக்கில் அரசுக் காப்பீட்டில் கொடுக்கிறோம், நல்ல விஷயம். அதைத் தள்ளிப்போட உதவுகிற ஒரு தாளுக்கு மட்டும் பணம் இல்லையா? தைவானில் 2004-லிருந்து மலத்தின் நிறம் பார்க்கிற கலர் அட்டையைப் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் கையேட்டோடும் நாடு முழுக்கக் கொடுக்கிறார்கள். அங்கே சீக்கிரம் ஆபரேஷனுக்கு வருகிற குழந்தைகள் கூடிவிட்டார்கள். ஒரு அட்டை செய்த வேலை! பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு எத்தனை பஸ் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற ஊர் இது. இந்தக் காய்ச்சலும் வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததுதானே?

1998-ல் டெல்லியில் ஒரு 20 மாசக் குழந்தைக்கு அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் அதுதான். நோய் இதே பிலியரி அட்ரீசியா. ஊர், நம் பக்கத்துக் காஞ்சிபுரம். அந்தக் குழந்தை வளர்ந்து இன்றைக்கு டாக்டர்.

உங்கள் தெருவில் இப்படி வயிற்றில் தழும்போடு ஒரு குழந்தை இருக்கலாம். அதற்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், சுற்றிப் போடச் சொல்லாதீர்கள். ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.