காலையில் மட்டும் இருமும் கார்

விடிகாலை வானொலி நிகழ்ச்சிக்காக 4.30 மணிக்கே கார் எடுப்பேன். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் குலுங்கி, இருமி எழுந்தால், உடனே பேட்டரிதான் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றால் பேட்டரிமேல் பெரும்பாலும் குற்றமில்லை. சில நூறு வெள்ளி மிச்சம்.

சாவியை ‘ஆன்’ வரை திருப்பி 3 விநாடி நிறுத்துங்கள். அணைத்துவிட்டு இன்னொரு முறையும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சீராக எழுந்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பம்ப் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றமில்லையா? ஸ்பார்க் பிளக், த்ராட்டல் அழுக்கு, கூலண்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார் என வரிசையாகச் சோதிக்கலாம்.

பட்டறையில் முதல்நாள் மாலையே காரை விட்டுவிடுங்கள். ஓட்டிவந்த சூட்டில் இந்த நோய் மெக்கானிக் கண்ணில் படாது.