நாலு நிமிஷ வாத்தியார்!

‘ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் ஓரளவுக்குக் கைக்கு வந்துடுச்சு. மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிற மாதிரி வீடியோ எடுக்கலாம்னு இருக்கோம். எப்படி ஆரம்பிக்கிறது?’ன்னு உங்கள்ல பல பேர் கேட்டுட்டே இருக்கீங்க. நல்ல காரியம், தாராளமா ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி இந்த வேலையில நான் மண்ணைக் கவ்வின கதையைக் கேட்டுடுங்க. உங்களுக்கு ஒரு மாச உழைப்பு மிச்சமாகும்.

என் சித்தி பையன் ஒரு சின்ன ஊர்ல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கான். பேருதான் ஸ்டூடியோ. பத்துக்குப் பத்து ரூம், பின்னாடி ஒரு நீலத் துணி, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். சோறு போடறது பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். யாரோ பென் டிரைவ்ல கொடுத்த திருட்டு சாஃப்ட்வேர்லதான் வண்டி ஓடிட்டு இருந்துச்சு. ஒரு நாள் அதுகூடவே ஒட்டிக்கிட்டு வந்த வைரஸ் கம்ப்யூட்டரையே சாய்ச்சுடுச்சு. மூணு கல்யாண ஆல்பம் காலி. கல்யாண வீட்டுக்காரங்க கடைக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க.

‘‘அண்ணே, இனிமே இந்தத் திருட்டு சமாசாரமே வேணாம். நீ சொல்லிட்டே இருப்பியே, ஏதோ ஓசி சாஃப்ட்வேர்... அதைப் போட்டுக் கொடு’’ன்னான்.

‘‘ஓசி இல்லடா, ஓப்பன் சோர்ஸ்’’னு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சு, ஜிம்ப்பை இன்ஸ்டால் பண்ணிட்டு, ‘‘கத்துக்கறதுக்கு நானே வீடியோ எடுத்து அனுப்பறேன்’’னு பந்தாவா வாக்குக் கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

42 நிமிஷ காவியம்

எடுத்தேன் சார், எடுத்தேன். 1995-ல பெர்க்லியில இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ்னு ரெண்டு ஸ்டூடன்ட்ஸ் ஜிம்ப்பை எழுத ஆரம்பிச்ச கதையில தொடங்கி, லைசென்ஸ், லேயர், சேனல், பாத், மாஸ்க்னு ஒண்ணு விடாம அலசித் தள்ளினேன். மொத்தம் 42 நிமிஷம். எனக்கே என்னை நினைச்சாப் பெருமையா இருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணேன்.

‘‘வீடியோ பார்த்தியாடா?’’

‘‘பார்த்தேண்ணே. சூப்பரா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். பாஸ்போர்ட் சைஸ் எப்படிப் போடறது?’’

‘‘31-வது நிமிஷத்துல சொல்லியிருக்கேனேடா!’’

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ‘‘கடையில ஆள் நிக்குதுண்ணே. 31 நிமிஷம் எப்படிப் பார்க்கறது? பழைய சாஃப்ட்வேரையே ஒருத்தர்கிட்ட மறுபடி வாங்கிப் போட்டுட்டேன். கோவிச்சுக்காதே.’’

சப்புனு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவன் சோம்பேறி கிடையாது. ஜிம்ப்லயும் குறை இல்ல. மனசு மாறி வந்த ஒருத்தனை, என்னோட 42 நிமிஷம் திருப்பி அனுப்பிடுச்சு. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் கொட்டினேன். அவனுக்கு எது வேணும்னு ஒரு வார்த்தை கேட்கல.

ஒரு வீடியோ, ஒரு வேலை

அடுத்த லீவுக்கு ஒரு நோட்டோட அவன் கடையில போய் உட்கார்ந்தேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன வேலை வருதுன்னு எழுதினேன். பாஸ்போர்ட் சைஸுக்கு வெட்டறது, ஒரே ஷீட்ல 8 காப்பி அடுக்கறது, பின்னணியை வெள்ளையாக்கறது, பழைய போட்டோவுல இருக்கிற கீறலை எடுக்கறது, இறந்தவங்க போட்டோவைப் பெருசு பண்றது... மொத்தம் 11 வேலை. அவ்வளவுதான்! ஜிம்ப்ல நூத்துக்கணக்கான வசதி இருக்கலாம். அவன் பிழைப்புக்கு வேண்டியது இந்தப் பதினொண்ணுதான்.

ஆக, முதல் பாடம் இது. டூல் பேரை வெச்சு வீடியோ பிரிக்காதீங்க, வேலையை வெச்சுப் பிரிங்க. ‘கிராப் டூல் ஓர் அறிமுகம்’னு தலைப்பு வெச்சா யாருக்கு வேணும்? ‘பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவது எப்படி?’ன்னு வைங்க, கடைக்காரன் ஓடி வருவான். ஒரு வேலையைச் சொல்ல நாலு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகுதா? அது நிச்சயமா ரெண்டு வேலையாத்தான் இருக்கும். ரெண்டாப் பிரிச்சுடுங்க.

அப்படித்தான் நானும் பிரிச்சேன். முதல் வீடியோவுல ஒரே ஒரு போட்டோவை 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரத்துக்குக் கொண்டு வர்றது. 300 ரெசல்யூஷன்ல அது 413-க்கு 531 பிக்ஸல். அதோட முடிஞ்சுது. ரெண்டாவது வீடியோவுல அதையே நாலுக்கு ஆறு இஞ்ச் ஷீட்ல வரிசைக்கு நாலா, ரெண்டு வரிசை அடுக்கறது. கணக்குப் போட்டுப் பாருங்க, 8 காப்பி அழகா உட்காரும்.

ரெண்டு பத்தி ரகசியம்

ரெக்கார்டிங் பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி பேப்பர், பேனா எடுங்க. நடுவுல ஒரு கோடு போடுங்க. இடது பக்கம் ஸ்கிரீன்ல என்ன தெரியணும், வலது பக்கம் நீங்க என்ன பேசணும். இது என் கண்டுபிடிப்பு இல்லீங்க. ஐ.ஐ.டி. பாம்பேவோட ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்துல ஸ்கிரிப்டை இப்படித்தான் எழுதறாங்க. அவங்க பாடம் ஒவ்வொண்ணும் சுமார் 10 நிமிஷம். ஒரு பக்கம் வீடியோ, இன்னொரு பக்கம் சாஃப்ட்வேர்னு ரெண்டையும் திறந்து வெச்சு, பார்த்துப் பார்த்துச் செய்யணும்ங்கறதுதான் அவங்க முறை. ஸ்கிரிப்ட் கையில இருக்கறதால தமிழ் உட்பட பல மொழிகள்ல குரலை மட்டும் மாத்தி டப்பிங் பண்ண முடியுது. நீங்க எடுத்ததை நாளைக்கு ஒரு கன்னடக்காரர் அவர் மொழியில பேசி வெளியிடலாம். வீடியோவுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் கொடுத்துட்டா யார்கிட்டயும் அனுமதிக்கு அலைய வேணாம்.

எழுதும்போது கவனிக்க மூணு விஷயம்.

முதல் பத்து செகண்டுல முடிஞ்சு போன போட்டோவைக் காட்டிடுங்க. ‘இதைத்தான் செய்யப் போறோம்’னு தெரிஞ்சா ஆள் உட்காருவாங்க. வணக்கம், வரலாறு எல்லாம் கல்யாணத்துல வெச்சுக்கலாம்.

டூலோட பேரையும் ஷார்ட்கட்டையும் சொல்லுங்க, இடத்தைச் சொல்லாதீங்க. ‘மேல இருந்து மூணாவது ஐகான்’னு சொன்னா மாட்டுவீங்க. 2020-ல வந்த ஜிம்ப் 2.10.18-ல டூல்களையெல்லாம் குரூப் குரூப்பாச் சேர்த்துட்டாங்க. அதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவைப் பார்த்தவங்க ஐகானைக் காணோம்னு தேடினாங்க. ‘கிராப் டூல், ஷிஃப்ட் - சி’ன்னு சொன்னா அந்தத் தலைவலி இல்ல.

எந்தப் பதிப்புல செய்யறீங்கன்னு ஒரு வரி சொல்லிடுங்க. 2025 மார்ச்ல ஜிம்ப் 3.0 வந்துச்சு. பெரிய மாற்றம். இங்கேதான் சின்ன வீடியோவோட அருமை தெரியும். எது மாறுச்சோ அந்த நாலு நிமிஷத்தை மட்டும் திரும்ப எடுத்தாப் போதும். என் 42 நிமிஷ காவியத்துல ஒரு மெனு மாறினாலும் மொத்தமும் குப்பை!

ஃபேனை ஆஃப் பண்ணுங்க

செலவு? பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்கிரீனைப் பிடிக்க ஓபிஎஸ் ஸ்டூடியோ, குரலுக்கு ஆடாசிட்டி, வெட்டி ஒட்டக் கேடென்லைவ். மூணும் ஓப்பன் சோர்ஸ்தான். பார்க்கறவங்க பாதிப் பேர் கையில இருக்கிறது மொபைல். அதனால ஸ்கிரீனை 1280-க்கு 720-னு சின்னதா வெச்சுப் பிடிங்க, மெனு எழுத்து பெருசாத் தெரியும். முதல்ல ஸ்கிரீனை மட்டும் எடுத்துட்டு, குரலை அப்புறமா ஸ்கிரிப்டைப் பார்த்துத் தனியாப் பேசுங்க. ஃபேனை நிறுத்திடுங்க. வேர்க்கும்தான். அம்மாகிட்ட குக்கர் வைக்க வேணாம்னு சொல்லிட்டு உட்காருங்க. என்னோட முதல் டேக்ல மூணு விசில் பதிவாகியிருக்கு.

ஒண்ணும் தெரியாதவர்தான் எக்ஸாமினர்

வெளியிடறதுக்கு முன்னாடி கடைசிப் பரீட்சை ஒண்ணு இருக்கு. அந்த சாஃப்ட்வேரைத் தொட்டே பார்க்காத ஒருத்தர்கிட்ட வீடியோவைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. எங்கே முழிக்கறாங்கன்னு குறிச்சுக்கோங்க. ஐ.ஐ.டி. பாம்பே திட்டத்துலயும் இதுக்குன்னே ஒரு கட்டம் உண்டு.

நான் ஸ்டூடியோவுல எடுபிடி வேலை பார்க்கிற பையன்கிட்ட கொடுத்தேன். கடகடன்னு வெட்டினான், சைஸ் போட்டான். பரவாயில்லையேன்னு நினைச்சேன். பிரின்ட் போடப் போனா ஃபைலே திறக்கல. என்னடான்னு பார்த்தா, வீடியோவுல நான் போற போக்குல ‘சேவ் பண்ணிக்கோங்க’ன்னு சொல்லியிருக்கேன். அவனும் கன்ட்ரோல் - எஸ் அடிச்சிருக்கான். ஜிம்ப்ல 2012-ல வந்த 2.8-ல இருந்தே சேவ் பண்ணா எக்ஸ்சிஎஃப் ஃபைலாத்தான் போகும். ஜேபெக் வேணும்னா ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ போகணும். எனக்குப் பழகிப் போச்சு, அதனால சொல்லவே தோணல. அந்த ஒத்தை வார்த்தையை மாத்தி ரீ-டேக் எடுத்தேன். 3 நிமிஷம் 50 செகண்ட்.

இப்போ அந்தக் கடையில பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் ஜிம்ப்லதான் ஓடுது. தம்பி வெளியில போனாக்கூட அந்தப் பையனே வேலையை முடிச்சுக் கொடுத்துடறான். அப்போ திருட்டு சாஃப்ட்வேர் ஒழிஞ்சுதான்னு கேட்கறீங்களா? இன்னும் இல்ல. ஆல்பம் டிசைனுக்கு அதைத்தான் திறக்கறான். என்னடான்னு கேட்டா சுவத்தைக் காட்டறான். என் பதினொண்ணு லிஸ்ட்டை அங்கே ஒட்டி வெச்சிருக்கான், நாலுதான் டிக் ஆகியிருக்கு. ‘‘மீதி ஏழை நீ எப்போண்ணே அனுப்புவே?’’ங்கறான். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல மக்களே, உட்கார்ந்து எடுத்தாகணும்.

சரி, உங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க். உங்க தெருவுல ஒரு டிடிபி சென்டரோ, ஃப்ளெக்ஸ் கடையோ, ஸ்டூடியோவோ இருக்கும். போய், ‘‘தினமும் செய்யற வேலையில ரொம்ப நேரத்தைத் தின்கறது எது?’’ன்னு கேளுங்க. அவங்க சொல்ற முதல் பதில்தான் உங்க முதல் வீடியோ. ஒரு பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி வைங்க. அடுத்த வாரம் அதை எப்படிப் பேசறதுன்னு பார்ப்போம். வரட்டா!