ஒரே பாறையில் ஐந்து ரதங்கள்

கருங்குழியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் ஒரு காட்சி என் மனத்தை உறுத்துகிறது. செங்கல்பட்டைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கல்விக் கூடங்கள் எழுந்து நிற்கின்றன. ஒரே வளாகத்துக்குள் ஒரு கட்டடம் கண்ணாடிப் பெட்டி. அடுத்தது கிரேக்கத் தூண்களைக் கடன் வாங்கிய மாளிகை. மூன்றாவது வெறும் சிமெண்டுப் பாளம். பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளி வீடுகளைப்போல் அவை அருகருகே நிற்கின்றன.

“கட்டடம் எப்படியிருந்தால் என்ன, படிப்பு நடந்தால் போதாதா?” என்பார் உளர். போதாது என்பதே என் வாதம். பாடநூல் சில மணி நேரமே கற்பிக்கிறது. வளாகமோ நாள் முழுதும் கற்பிக்கிறது. அடுத்தவனைக் கண்டுகொள்ளாமல் உயர்ந்து நில் என்று சுவர்களே போதிக்கும் இடத்தில், சமுதாய உணர்வைப் பற்றி விரிவுரை நிகழ்த்தி என்ன பயன்?

முன்னோர் இதை அறிந்திருந்தனர். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, 1874-க்கும் 1879-க்கும் இடையே செனட் இல்லத்தை எழுப்பியவர் ராபர்ட் சிஷோம். அருகிலேயே 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபு கட்டிய சேப்பாக்கம் அரண்மனை. சிஷோம் அதைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. அதன் வளைவுகளோடும் குவிமாடங்களோடும் உறவாடும் ஒரு கட்டடத்தையே கடற்கரையில் நிறுத்தினார். 1936-இல் பல்கலைக்கழக நூலகம் தனக்கெனக் கட்டடம் பெற்றபோதும் அந்த இந்தோ-சாரசனிக் மரபே தொடர்ந்தது. அது ஆள வந்தவர்களின் ஆடம்பரம் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆயினும் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டைக் கட்டும் பண்பு அந்நியருக்கு மட்டும் உரியதா?

இன்றைய சீர்குலைவுக்குக் காரணம் பணப் பற்றாக்குறை அன்று; பொறுப்பாளர் இன்மையே. ஒரு நன்கொடையாளர் ஒரு தொகுதியைத் தருகிறார். அவர் விருப்பமே வரைபடமாகிறது. புதிய தலைவர் வருகிறார். தம் பெயர் பொறித்த கல்வெட்டுக்காக ஒரு கட்டடம் எழுகிறது. நிதியாண்டு முடிவதற்குள் மானியத்தைச் செலவிட வேண்டும். எனவே ஓடுகளின் நிறத்தை ஒப்பந்தக்காரர் தீர்மானிக்கிறார். விலை கொடுப்பவர் யார்? மேற்கு வெயிலை வாங்கும் கண்ணாடிச் சுவருக்குள் அலுவலகம் குளிர்சாதனத்தில் இருக்க, வகுப்பறையில் வேகும் ஏழை மாணவனே.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா? முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், ஒருவர் தந்த கெபியையும், இன்னொருவர் தந்த அலங்கார வளைவையும், மூன்றாமவர் தந்த பளபளப்பான ஓடுகளையும் மறுக்க மனமின்றி ஏற்றுக்கொண்டவன் நான். கோவில் முற்றம் சந்தைக் கடையானது. ஒவ்வொன்றுக்கும் கையொப்பமிட்டது என் கைதான். வெறும் பகட்டை அல்ல, உன்னத அழகையே நாட வேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் கற்பித்ததையும், கலைப் படைப்புகளை மதிப்பிட ஆயர்கள் மறைமாவட்டக் கலைக்குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அது பணித்ததையும் குருமடத்தில் படித்திருந்தும் மறந்தேன்.

“அப்படியானால் எல்லாக் கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டுமா?” அதுவும் வேண்டாம். ஒரே வண்ணம் பூசுவது இசைவு ஆகாது; அது சீருடை. கருங்குழியிலிருந்து கடற்கரைக்குச் சென்று மாமல்லையின் ஐந்து ரதங்களைப் பாருங்கள். திரௌபதி ரதத்துக்குக் குடிசைக் கூரை. பீம ரதத்துக்கு வண்டிக் கூண்டு போன்ற கூரை. தருமராச ரதம் அடுக்கடுக்காய் உயர்கிறது. சகாதேவ ரதமோ யானையின் முதுகு போல் வளைகிறது. ஒன்று மற்றொன்றைப்போல் இல்லை. எனினும் எல்லாம் ஒரே பாறையின் பிள்ளைகள். அளவும் பொருளும் கைத்திறனும் அவற்றை ஒரு குடும்பமாக்குகின்றன. பல்லவச் சிற்பி ஏழாம் நூற்றாண்டில் கண்ட இந்த ஒருமையை, கணினியில் வரையும் நாம் இழந்துவிட்டோம்.

ஆகவே மூன்றைக் கேட்கிறேன். தலைவர் மாறினாலும் மாறாத ஒரு முழுமைத் திட்டம் ஒவ்வொரு வளாகத்துக்கும் வேண்டும். நன்கொடையாளரிடமும் துணைவேந்தரிடமும் ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரமுள்ள கட்டடக் கலைஞர் குழு வேண்டும். வெயிலையும் கடற்காற்றையும் நிற்கும் மரங்களையும் கணக்கில் எடுத்த பிறகே அடிக்கல் நாட்ட வேண்டும்.

பெற்றோரே, முன்னாள் மாணவரே, நம் கத்தோலிக்கக் கல்லூரிகளிலிருந்தே இதைக் கேட்கத் தொடங்குங்கள். அடுத்த முறை நன்கொடைக் காசோலையில் கையொப்பமிடுமுன், கல்வெட்டில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று கேளாதீர்கள். பக்கத்துக் கட்டடத்தோடு இது எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள்.