கிளிக் செய்யும் முன் எழுதுங்கள்

மாணவர்களே, கடந்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

படிவம் நான்கு மாணவர்கள் மூவர் புத்தாக்கப் போட்டிக்காக வெள்ள எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்தால் அது ஒலி எழுப்ப வேண்டும். இஎஸ்பி32 வகை நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்றும், நீர்மட்டத்தை அளக்க மீயொலி உணரி ஒன்றும் வைத்திருந்தார்கள். கருவி சில நிமிடங்கள் நன்றாக ஓடும். பிறகு அப்படியே நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டறிய யுஎஸ்பி பிழைநீக்க அடாப்டர் ஒன்றை வாங்கினோம். ஒரு பக்கம் கணினியிலும் மறுபக்கம் பலகையிலும் இணைக்கப்படும் சிறிய கருவி அது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, அந்த நொடியில் எந்த வரி இயங்குகிறது, நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும். மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப் எப்படியோ, நிரலாளருக்கு இது அப்படி.

பிழையைக் கண்டுபிடிக்க வந்த அந்தக் கருவியே வேலை செய்யவில்லை. மாணவர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். நான் எதையும் பார்க்காமல், “டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க” என்றேன்.

மூன்று நாள் அதையேதான் செய்தார்கள். நீக்கினார்கள், நிறுவினார்கள். பழைய பதிப்பைப் போட்டார்கள், புதிய பதிப்பைப் போட்டார்கள். ‘எல்லா டிரைவர்களும் ஒரே இடத்தில்’ என்று ஆசை காட்டிய ஏதோ ஒரு தொகுப்பையும் இறக்கினார்கள். கணினி முழுக்க விளம்பரம் வந்து நிறைந்தது, அடாப்டர் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, நிரலை எழுதிய மாணவி என்னிடம் சொன்னாள்: “எனக்கு இதெல்லாம் வராது டீச்சர். நான் போஸ்டர் வேலையை மட்டும் பார்த்துக்கிறேன்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கருவி வேலை செய்யாததை, தன் அறிவைப் பற்றிய தீர்ப்பாக அவள் எடுத்துக்கொண்டாள். அந்தத் தீர்ப்புக்கு வழிவகுத்தது என்னுடைய பொறுப்பற்ற ஒரு வரிப் பதில். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: கருவி வேலை செய்யாதபோது நாம் கையில் எடுக்க வேண்டிய முதல் பொருள் மௌஸ் அல்ல, பேனா.

டிரைவர் எங்கே வருகிறது?

டிரைவர், அதாவது இயக்கி, என்பது ஒரு சாதனத்தோடு பேசும் முறையை இயங்குதளத்துக்குச் சொல்லித் தரும் மென்பொருள். ஆனால் யுஎஸ்பி சாதனம் ஒன்றைச் செருகியவுடன் நடக்கும் வேலைகளில் அதன் முறை கடைசியை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன் நடப்பவற்றைப் பாருங்கள்.

முதலில் மின்சாரம் போகும். அடுத்து, சாதனத்துக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று தரவுக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தும். ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கணினி அறிவது இதனால்தான். மூன்றாவதாக, கணினி அந்தச் சாதனத்துக்கு ஒரு முகவரி எண்ணைத் தந்து, ‘நீ யார்?’ என்று கேட்கும். சாதனம் 18 பைட் நீளமுள்ள ஒரு விவரக் குறிப்பை அனுப்பும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்: ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றொன்று பொருள் எண். எங்கள் அடாப்டரில் இருந்தது எஃப்டி2232எச் என்ற சிப். அதன் எண்கள் 0403, 6010. நான்காவதாகத்தான், இந்த எண்களுக்குப் பொருந்தும் டிரைவரைக் கணினி தேடும். ஐந்தாவதாக, நாம் பயன்படுத்தும் மென்பொருள் அந்த டிரைவர் வழியாகச் சாதனத்தைத் திறக்கும்.

ஐந்து படிகள். இரண்டாம் படியில் தடுக்கி விழுந்தவனுக்கு நான்காம் படியில் கைப்பிடி பொருத்தி என்ன பயன்? நாங்கள் மூன்று நாள் செய்தது அதைத்தான்.

எந்தப் படியில் தடை என்பதைக் கணினி பெரும்பாலும் தானே சொல்லிவிடும். விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாதனத்தைச் செருகுங்கள். பட்டியலில் எந்த அசைவும் இல்லையென்றால் கம்பி, துளை, அல்லது மின் இணைப்பைப் பாருங்கள். விவரக் குறிப்பைப் பெற முடியவில்லை என்ற செய்தியோடு 43 என்ற எண் வந்தால், சாதனம் இருப்பது தெரிகிறது, ஆனால் அதன் பெயர் கேட்கவில்லை என்று பொருள். பெயரே தெரியாதபோது அதற்குரிய டிரைவரைத் தேட முடியாது. கம்பியையும் சாதனத்தையும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். 28 என்ற எண் வந்தால் பெயர் தெரிந்துவிட்டது, டிரைவர்தான் இல்லை. அப்போதுதான் டிரைவரை நிறுவுவதில் அர்த்தம் உண்டு. 52 வந்தால் டிரைவர் இருக்கிறது, ஆனால் அதன் மின்னியல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை.

பாருங்கள், ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இத்தனை வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. காய்ச்சல் என்று சொன்னவுடன் எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் மருத்துவரிடம் நீங்கள் போவீர்களா?

நான்காம் நாள்

நான்காம் நாள் மாணவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் வரைந்தோம்: என்ன கண்டோம், என்ன காரணமாக இருக்கலாம், எந்த ஒன்றை மாற்றினோம், பிறகு என்ன நடந்தது.

முதல் வரி இப்படி அமைந்தது: ‘அடாப்டரில் விளக்கு எரிகிறது. பட்டியலில் மாற்றம் இல்லை.’ எழுதி முடித்த அந்த மாணவியே நிமிர்ந்து பார்த்தாள். “மின்சாரம் போகுது, ஆனா பேச்சு போகலையா டீச்சர்?” என்றாள். அதுதான் சரியான கேள்வி. சாதாரண யுஎஸ்பி கம்பிக்குள் நான்கு இழைகள் இருக்கும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மின்னேற்றத்துக்கு மட்டும் செய்யப்பட்ட மலிவான கம்பிகளில் தரவு இழைகளே இருக்காது. நாங்கள் பயன்படுத்தியது யாரோ பவர் பேங்க்கோடு வாங்கிய கம்பி. வேறு கம்பியை மாற்றினோம். அடாப்டர் உடனே பட்டியலில் வந்தது.

கதை அங்கே முடியவில்லை. பிழைநீக்க மென்பொருளான ஓபன்ஓசிடி, சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்றது. இது ஐந்தாம் படியின் சிக்கல். அந்தச் சிப்பில் இரண்டு தடங்கள் உண்டு. எங்கள் அடாப்டரில் முதல் தடம் பிழைநீக்கத்துக்கு, இரண்டாவது தடம் சாதாரணத் தொடர்த் தொடர்புக்கு. விண்டோஸ் இரண்டுக்கும் தொடர்த் தொடர்பு டிரைவரையே போட்டுவிட்டது. ஆனால் ஓபன்ஓசிடிக்கு முதல் தடத்தில் வின்யுஎஸ்பி என்ற வேறு டிரைவர் வேண்டும். ஜாடிக் என்ற சிறிய மென்பொருள் அதை மாற்றித் தரும். டிரைவர் நிறுவப்பட்டுத்தான் இருந்தது; நமக்கு வேண்டிய டிரைவர்தான் அது இல்லை.

அவசரத்தில் ஒரு மாணவன் இரண்டு தடங்களையும் மாற்றிவிட்டான். பிழைநீக்கம் வேலை செய்தது; பலகை அனுப்பும் செய்திகளைக் காட்டும் தொடர் இணைப்பு காணாமல் போனது. முந்தைய நாளாக இருந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் அழித்திருப்போம். இப்போது நோட்டில் கடைசி வரியைப் பார்த்தோம். என்ன மாற்றினோம் என்று அங்கே இருந்தது. இரண்டாம் தடத்தின் டிரைவரை மட்டும் நீக்கி, அடாப்டரைக் கழற்றி மீண்டும் செருகினோம். ஐந்து நிமிட வேலை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளிலேயே யாராவது வின்யுஎஸ்பி டிரைவரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் எங்களுக்குப் பயன்பட்டிருக்காது. கம்பி சரியில்லாத வரை, சரியான தீர்வும் தவறான தீர்வு போலவே தோன்றும். ‘இதையும் செய்து பார்த்தோம், வரவில்லை’ என்று தள்ளிவிட்டிருப்போம். இரண்டு பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, குருட்டுத்தனமான முயற்சி நம்மைத் தவறான முடிவுக்கே கொண்டு போகும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோதே மாறிகளைப் பற்றிக் கற்றிருப்பீர்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை, விளைவைக் கவனி. அவரைச் செடியைச் சூரிய ஒளியிலும் இருட்டிலும் வைத்துப் பார்த்தபோது ஒழுங்காகச் செய்தோம். கணினி முன் உட்கார்ந்தவுடன் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

உங்கள் தவறாக இல்லாமலும் இருக்கலாம்

ஒரு பழைய நிகழ்ச்சி. 2014இல் எஃப்டிடிஐ என்ற சிப் நிறுவனத்தின் புதிய டிரைவர் ஒன்று விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பலருடைய கணினிகளுக்குப் போனது. அந்த நிறுவனத்தின் சிப் போலவே தன்னைக் காட்டிக்கொண்ட போலிச் சிப்புகளைக் கண்டால், அந்த டிரைவர் அவற்றின் பொருள் எண்ணைப் பூச்சியமாக மாற்றிவிட்டது. நேற்று வரை ஓடிய அடாப்டரைக் கணினி இன்று அடையாளம் காணவில்லை. எண் சிப்புக்குள்ளேயே மாறிவிட்டதால், வேறு கணினியில் செருகினாலும் அதே கதிதான். தங்கள் அடாப்டருக்குள் இருப்பது போலி என்றே பலருக்குத் தெரியாது. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். சாதனம் சொல்லும் எண் அதன் கூற்று மட்டுமே, சான்று அல்ல. அடுத்தது, எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் கருவி ஓடாமல் போகலாம். எனவே ‘எனக்கு வராது’ என்று சொல்லும் முன், பழி உண்மையில் யாருடையது என்று விசாரித்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 52 என்ற எண் வந்தால், கையொப்பச் சோதனையையே அணைத்துவிடு என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். பல டிரைவர்கள் இயங்குதளத்தின் உட்கருவிலேயே, மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குபவை. கையொப்பச் சோதனையை அணைப்பது, கூட்டம் அதிகம் என்பதற்காக வீட்டு வாசலில் பூட்டையே கழற்றி வைப்பது போன்றது. சிப் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்தோ விண்டோஸ் புதுப்பிப்பிலிருந்தோ மட்டும் டிரைவரைப் பெறுங்கள். பள்ளிக் கணினியாக இருந்தால், முதலில் பொறுப்பாசிரியரிடம் அனுமதி கேளுங்கள்.

‘இதற்கெல்லாம் நேரம் ஏது?’

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. தேர்வு இருக்கிறது, போட்டித் தேதி நெருங்குகிறது, யாரோ சொன்ன தீர்வைப் போட்டு ஓடினால் போதாதா? கேள்வி நியாயமானதே. போட்டிக்கு முதல் நாள் இரவு என்றால், ஓடுகிற அடாப்டரைக் கடன் வாங்கிக்கொண்டு போங்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். எழுதாமல் முயன்றது மூன்று நாள். எழுதி முயன்றது ஒரு மாலைப்பொழுது. நேரம் இல்லாதவர்கள்தான் முதலில் எழுத வேண்டும்.

அந்த அடாப்டர் கடைசியில் தன் வேலையைச் செய்தது. கருவி நின்ற நொடியில் நிரலை நிறுத்திப் பார்த்தபோது, உணரியின் எதிரொலி வரும் வரை காத்திரு என்ற வரியில் அது சிக்கியிருந்தது. எதிரொலி வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் விட்டுவிட வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அந்த வரியைக் கண்டுபிடித்தவள், போஸ்டர் வேலை மட்டும் போதும் என்று சொன்ன அதே மாணவிதான்.

போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதில் வருத்தமில்லை. ஆனால் நடுவர்களில் எவரும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்கவில்லை என்பதில் வருத்தம் உண்டு. கருவி ஓடுகிறதா, போஸ்டர் அழகாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஓடாத நாள்களில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் புள்ளிகளே இல்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படித்தான் மதிப்பிட்டு வந்திருக்கிறோம். இவ்வாண்டு எங்கள் கழகத்தில் பிழைநீக்கக் குறிப்பேட்டுக்கும் புள்ளி உண்டு என்று அறிவித்திருக்கிறேன். மற்ற பள்ளிகளும் போட்டி ஏற்பாட்டாளர்களும் இதைச் சிந்திக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்த முறை ஏதாவது ஒரு கருவி ஓடாதபோது, உங்கள் ஆசிரியரிடம் ‘வேலை செய்யல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன கண்டீர்கள், எந்த எண் வந்தது, எதை மாற்றினீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அவர் என்னைப் போல் பார்க்காமலே பதில் சொன்னால், அந்தத் தாளை அவர் முன் வையுங்கள். அவரும் கற்றுக்கொள்வார்.